முள்வாங்கியும் முணுமுணுப்பும்

குறை சொல்லுதலுக்குத் தமிழில் உள்ள சொற்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தோம். முணுமுணுப்பு, புலம்பல், பொருமல், அங்கலாய்ப்பு, ஆற்றாமை, ஆவலாதி, பிராது. ஒன்றைப் போல் ஒன்றில்லை. பிராது எழுதிக் கொடுக்கப்படுவது. அதற்கு ஒரு தேதி உண்டு, வாங்கிக்கொள்ள ஓர் அதிகாரி உண்டு. பொருமல் வயிற்றோடு நின்றுவிடும். அங்கலாய்ப்புக்குக் கேட்க ஆள் வேண்டும். முணுமுணுப்புக்கு அதுவும் வேண்டாம், வாயும் ஒரு வேலையும் இருந்தால் போதும். கையில் வேலை ஓடிக்கொண்டிருக்கையில் வாய் தன் போக்கில் நாட்டு நடப்பைத் திட்டிக்கொண்டிருப்பதே நல்ல முணுமுணுப்பின் இலக்கணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இந்த இலக்கணத்தை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர்.

நாங்கள் நால்வர். சிற்றிதழ்கள் வாசிப்பதும், வாசித்ததைப் பேசுவதும், பேசியதை எப்போதாவது எழுதுவதும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். பட்டறைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில்தான் முதலில் கூடினோம். கடை மூடப்பட்டபின் பட்டறைத் திண்ணைக்கு இடம் பெயர்ந்தோம். எங்கள் பேச்சில் அவருக்கு ஆர்வம் கிடையாது. அவருடைய பேச்சில் எங்களுக்கு ஆர்வம் பிறக்கச் சில மாதங்கள் ஆயின. கிணற்று மோட்டாரின் கருகிய செம்புக் கம்பியை உரித்தெடுத்தபடி அவர் பேசுவார். வாக்குக்குக் கொடுக்கப்படும் பணம், கொடுத்தவர் வென்றபின் காணாமற் போவது, பேருந்து நிலையத்தில் நடந்த வழிப்பறி, வழிப்பறி செய்தவன் மூன்றாம் மாதம் பெரிய சுவரொட்டியில் கைகூப்பி நின்றது என்று வரிசையாகப் போகும். எந்தக் கட்சிக்கும் விலக்கில்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் அவரிடம்தான் மோட்டார் கட்டக் கொடுத்தார்கள்.

வேட்டிக்கு மேல் அவர் கட்டியிருக்கும் அகலமான பச்சை பெல்ட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உழவர்கள் பணம் வைத்துக்கொள்ளும் பை தைத்த பெல்ட்தான். இவர் பையில் பணம் இராது. பேனா போன்ற ஒரு மின் டெஸ்டர், மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி, நகவெட்டி, விரல் நீளமுள்ள டார்ச், சிங்கப்பூரிலிருந்து அக்காள் மகன் கொண்டுவந்த சிவப்பு நிறச் சுவிஸ் கத்தி. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டனார் வழி வந்த முள்வாங்கி.

நகரத்து வாசகர்களுக்கு முள்வாங்கியை விளக்கியாக வேண்டும். ஒரு வளையத்தில் மூன்று சிறு இரும்புகள் கோக்கப்பட்டிருக்கும். காலில் தைத்த முள்ளைப் பிடித்து இழுக்க ஓர் இடுக்கி, முள்ளைக் கிளறி எடுக்க ஓர் ஊசி, காது குடைய ஒரு சிறு கரண்டி. அரைஞாண் கயிற்றிலோ சுருக்குப்பையிலோ தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு காட்டுக்குப் போன தலைமுறையின் கருவி அது. சீமைக் கருவேல் பரவிய ஊர்களில் இது இல்லாமல் ஒருவர் வீடு திரும்புவது கடினம். செருப்பு வந்தது, முள்வாங்கி போயிற்று. கண்மணி குணசேகரன் போன்றோர் நடுநாட்டுச் சொற்களை அகராதியாகத் தொகுத்து வைத்தது பெரும்பணி. பொருள்களைத் தொகுத்து வைக்க இன்னும் ஒருவரும் வரவில்லை என்ற குறை எங்களுக்கு உண்டு. (முணுமுணுப்பு தொற்றக்கூடியது.)

சுவிஸ் கத்தியின் கதையை அவருக்கு நாங்கள்தான் வாசித்துச் சொன்னோம். சுவிஸ் ராணுவம் தன் சிப்பாய்களுக்குத் துப்பாக்கியைப் பிரிக்கவும் தகரக் குவளையைத் திறக்கவும் ஒரே கத்தி வேண்டும் என்று முடிவு செய்தபோது, அதைச் செய்து தரும் வசதி உள்நாட்டில் இல்லாமல் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் செய்து வாங்கியது. நம் நாட்டுச் சிப்பாய்க்கு நாமே கத்தி செய்ய வேண்டாமா என்று கிளம்பியவர் கார்ல் எல்சனர். 1884-இல் பட்டறை தொடங்கி, 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்து, நட்டப்பட்டு, கடனாளியாகி, 1897-இல் அதிகாரிகளுக்கான கத்தி என்று இன்னொன்றைச் செய்து கரையேறினார். அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1975-இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, காரும் விடுதிக் குழாயும் பழுதாகிப் பழுதாகி, கத்தியோடு குறடும் சேர்ந்த கருவி ஒன்று சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்று எண்ணினார். எண்ணம் கடைக்கு வர 1983 ஆயிற்று.

பெரியவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எட்டு வருசமா? பரவால்ல. நம்ம ஊருல ஒரு மனு நகர்றதுக்குள்ள அவன் கத்தியே செஞ்சுட்டான்."

எங்கள் நால்வரில் கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பருக்கு இந்தப் பெரியவர்மீது ஆரம்பத்தில் ஓர் ஐயம் இருந்தது. குறை சொல்லிக்கொண்டே இருப்பவன் எதையும் செய்ய மாட்டான், சொல்லித் தீர்ப்பதே அவனுக்குச் செய்து முடித்த நிறைவைத் தந்துவிடும் என்பது நண்பரின் கட்சி. சட்டைப்பைக் கருவிகள்மீது உள்ள மோகமும் அதன் மறுபக்கமே என்பார். உலகைத் திருத்த இயலாதவன் திருகாணியைத் திருகி ஆறுதல் கொள்கிறான். வாதம் வலுவாகவே இருந்தது. இலக்கியம் பேசும் எங்களுக்கும் அது பொருந்தும் என்பதால் நாங்கள் அதிகம் மறுத்துப் பேசவில்லை.

*

பெரியவரோடு ஒருமுறை கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குடிநீர் மோட்டார் நின்றுபோயிருந்தது. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறுகிறது சாலை. கடுக்காய் மரங்களும் மரவள்ளிக் காடுகளுமாக விரியும் மேட்டுநிலம். மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டத்தில், கருமந்துறைப் பக்கமாக இறங்குகிறது. வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர்.

மோட்டாரைப் பிரிக்கும்போது ஒரு முதியவர் வந்து குந்தினார். இடுப்பில் கொடுவாள். பெரியவர் வேலையை விட்டுவிட்டு அதை வாங்கிப் பார்த்தார். விளிம்பில் கட்டைவிரலைக் குறுக்கே வைத்துச் சாணை பார்த்தார். எங்கே அடித்தது, பிடி என்ன மரம், எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேள்விமேல் கேள்வி. இருவரும் அரைமணி நேரம் இரும்பைப் பற்றியே பேசினார்கள். பிறகுதான் பேச்சு ஜாகிர்தார்களிடம் போயிற்று.

நாடு விடுதலை பெற்று, அரசியல் சட்டம் எழுதி, ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் வந்தபின்னும் இம்மலை ஜாகிர்தார்கள் கையில்தான் இருந்தது. 1976-இல்தான் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது. அதுவரை இங்கே உழைப்புக்குக் கூலி என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு. கள்ளக்குறிச்சியில் ஐந்தாறு பொதுத் தேர்தல்களின் சுவரொட்டிகள் ஒட்டிக் கிழிக்கப்பட்டிருந்த காலத்தில், பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவில் இன்னொரு நூற்றாண்டு நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு இது செய்தி. முதியவருக்கு இளமை நினைவு.

இறங்கும்போது பெரியவர் முணுமுணுக்கத் தொடங்கினார். "மலைக்காரன்னா கீழ இருக்கறவனுக்கு ரெண்டுதான் தெரியும் தம்பி. ஒன்னு சாராயம், இல்லாட்டி செம்மரம். இந்தாளு கத்தி எவ்வளவு சுத்தமா வச்சிருக்கான், அத எவன் எழுதறான்?"

செம்மரம் என்று அவர் சொன்னது 2015 ஏப்ரல் 7-ஐ நினைத்து. அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஊர்களிலிருந்து மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்களில் பலர். கோடரியைக் கையில் கொடுத்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். கோடரி பிடித்தவர்கள் செத்தார்கள். கருவியை வைத்துக் குற்றவாளியைத் தீர்மானிக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது.

ஆயுதச் சட்டத்தையும் விதிகளையும் பெரியவருக்காக ஒருநாள் புரட்டினோம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்மையான அலகு ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக ஒரே இரும்பு வயலில் கருவி, தெருவில் ஆயுதம். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ரவுடிகளைப் பிடிக்கும் வேட்டை நடந்தபோது, அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் பட்டறையில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும், வாங்குவோர் விவரத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்று காவல்துறை கேட்டுக்கொண்டது. கொலைகளைக் குறைக்கும் நோக்கில் அது நியாயமானதே. பெரியவரும் மறுக்கவில்லை. "கேமரா வைக்கட்டும். அரிவாள் வாங்குனவன் பேரு தெரியும். வாங்கச் சொல்லி அனுப்புனவன் பேரு எந்தக் கேமராவுல விழும்?" என்று மட்டும் கேட்டார்.

*

2024 ஜூன் மூன்றாம் வாரம் கள்ளக்குறிச்சியின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. கருணாபுரத்தில் விற்கப்பட்ட பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மக்கள் குவிந்தனர். 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. மதுவிலக்குச் சட்டத்தில் ஆயுள் சிறை வரை தண்டனை தரும் திருத்தம் அந்த மாதமே சட்டமன்றத்தில் நிறைவேறியது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது.

அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2023 மே மாதத்தில், மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இதே மெத்தனாலால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். 2001-இல் பண்ருட்டிப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். இன்னும் பின்னே போனால், மதுவிலக்கு என்ற சோதனையை ராஜாஜி முதன்முதலில் தொடங்கிய இடம் சேலம் மாவட்டம், ஆண்டு 1937. அந்த மாவட்டமும் இந்த மலையைத்தான் பகிர்ந்துகொள்கிறது.

பெரியவருடைய பட்டறையில் பன்னிரண்டு ஆண்டு கையாளாக இருந்த ஒருவர் அந்த வாரம் மருத்துவமனையில் இருந்தார். உயிர் பிழைத்தார். பார்வை பெரும்பகுதி போய்விட்டது.

மெத்தனால் கல்லீரலில் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலத்தின் முதல் இலக்குகளில் ஒன்று கண் நரம்பு. குடித்தவுடன் தெரியாது. பல மணி நேரம் கழித்தே கண் மங்கும், மூச்சு வாங்கும். அதனால்தான் ஒருவர் விழுந்ததைப் பார்த்து மற்றவர் நிறுத்திக்கொள்ள வழியில்லாமல் போகிறது. சாதாரண எரிசாராயமே, மருத்துவர் அளந்து கொடுத்தால், அதற்கு ஒரு மாற்று மருந்து. ஃபோமெபிசோல் என்ற மருந்தும் உண்டு. இரண்டும் நேரத்தோடு கிடைக்க வேண்டும்.

அந்த நாட்களில் மலைமீது சாராய ஊறல் அழிக்கப்படும் படங்கள் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தன. பீப்பாய்களைக் கவிழ்ப்பார்கள், பழுப்பு நீர் பாறையில் வழியும். மலையில் சாராயம் காய்ச்சப்படவில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். காய்ச்சப்பட்டது, கீழே கொண்டுவந்து விற்கப்பட்டது, அதில் செத்தவர்களும் உண்டு. ஆனால் மெத்தனால் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் புழங்கும் வேதிப்பொருள். உரிமம் பெற்று வாங்கி விற்கப்பட வேண்டியது. அதை இந்த ஊருக்குக் கொண்டுவந்த வழி வேறு. பெரியவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "மெத்தனால் மரத்துல காய்க்காது தம்பி."

அதன்பின் மூன்று வாரம் அவர் பேசவில்லை. மோட்டார்கள் வந்தன, கட்டப்பட்டன, போயின. வாய் மூடியே இருந்தது. அந்த மூன்று ஞாயிறுகளில்தான் அவருடைய முணுமுணுப்பு எங்களுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று உணர்ந்தோம். குறை சொல்பவர் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம். சரியாக நடந்திருக்க வேண்டிய ஒன்று அவர் மனத்தில் அளவோடு இருக்கிறது, நடப்பதை அந்த அளவுகோலோடு வைத்துப் பார்க்கிறார். அளவுகோலையே தூக்கி எறிந்தவருக்கு முணுமுணுக்க ஒன்றுமில்லை.

நான்காம் வாரம் போனபோது பட்டறையில் அந்தக் கையாள் உட்கார்ந்திருந்தார். எதிரே காயில் சுற்றும் மர அச்சு. பெரியவர் தன் மடக்குக் கத்தியால் அதன் விளிம்பில் பத்துச் சுற்றுக்கு ஒன்று என்று எண்ண உதவும் வெட்டுகள் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் கம்பியின் கனத்துக்கேற்ப வரிசையாகச் சிறு பள்ளங்கள். 20-ஆம் கேஜ் கம்பியின் விட்டம் 0.91 மில்லிமீட்டர், 22-ஆம் கேஜுக்கு 0.71. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுள்ளவர்களும் தடுமாறும் இடம். கம்பியைப் பள்ளத்தில் அழுத்தி, எதில் சரியாக உட்காருகிறது என்று விரலால் பார்த்துவிடலாம். எல்லாப் பள்ளங்களையும் அந்தச் சிவப்புக் கத்தியின் அரத்தால் ராவி எடுத்ததாகச் சொன்னார். அலகு மழுங்கியிருந்தது.

முதல் இரண்டு மோட்டார்கள் கருகின. சுற்றுக் கணக்கு தவறியிருந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பெரியவர் தன் செலவில் மறுபடி கட்டிக் கொடுத்தார். மூன்றாவது ஓடியது. "இவருக்கு ஒன்னும் நான் பெரிசா செஞ்சிடல சார். கை மறக்கல, நான் அச்சுல ரெண்டு கோடு போட்டேன், அவ்வளவுதான்" என்றார் கல்லூரி நண்பரிடம். உடனே தொடர்ந்தார்: "ஆனா ஒன்னு பாருங்க சார். வித்தவன் மேல இருபது கேசு இருந்துச்சுன்னு பேப்பர்ல போடறான். இருபது கேசு இருந்தவன் எப்படி வித்துக்கிட்டு இருந்தான்? இருபதையும் எழுதுனவன் என்னா பண்ணிக்கிட்டு இருந்தான்?" முணுமுணுப்பு திரும்பிவிட்டது. நாங்கள் நிம்மதியடைந்தோம்.

*

கையாளுக்கு ஓர் உதவித்தொகை கேட்டு மனுக் கொடுக்க, ஓர் அரசு அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளன்று பெரியவரோடு போனோம். திருநெல்வேலியில் 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் ஆட்சியர் அலுவலகத்திலேயே தீக்குளித்தபின், இத்தகைய இடங்களில் வாசலில் பைகளைச் சோதிப்பது வழக்கமாகியிருக்கிறது. மண்ணெண்ணெய்ப் புட்டி தேடும் காவலரிடம் பச்சை பெல்ட் அகப்பட்டது. ஒவ்வொன்றாக மேசைமேல் வைக்கச் சொன்னார். டெஸ்டர், மடக்குக் கத்தி, சிவப்புக் கத்தி, நகவெட்டி, டார்ச். கடைசியில் முள்வாங்கி. இது என்ன என்று கேட்டார் இளம் காவலர். பெரியவர் விளக்கினார். காவலர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தாத்தாவிடம் ஒன்று இருந்ததாக ஞாபகம் என்றார். மற்றவற்றை மேசையில் நிறுத்திக்கொண்டு அதை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே நீண்ட வரிசை. பட்டா, பாதை, ஓய்வூதியம், குடிநீர் என்று கையெழுத்துத் தாள்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்த சிலரும் இருந்தார்கள். மலைமக்களின் சாலை, மருத்துவம், கல்வி நிலை குறித்து 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது செய்தியாக வந்திருந்தது. சாராயச் சாவுகள் நடந்திராவிட்டால் அந்தச் சாலைகளை யார் நினைத்திருப்பார்கள் என்று பெரியவர் முணுமுணுத்தார். எங்களிடம் பதில் இல்லை. மனு பெறப்பட்டது, எண் கொடுக்கப்பட்டது. எண்ணை அவர் பெல்ட்டின் உட்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

கல்லூரி நண்பர் தன் கட்சியை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. ஒரு பட்டறையில் போட்ட வெட்டுகளால் மெத்தனால் விற்பனை நிற்கப்போவதில்லை என்கிறார். உண்மைதான். கருவி சிறியது, நோய் பெரியது. ஆனால் பெரியவருடைய புலம்பல்களில் ஒரு தன்மை உண்டு. 'நாடு கெட்டுப்போச்சு' என்று பொதுவாக அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. எந்த ஆண்டு, எந்தத் தெரு, எத்தனை வழக்கு, யார் பொறுப்பு என்று கேட்பார். முள் எங்கே தைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் முள்வாங்கி உதவும். இலக்கியச் சூழலில் நாமும் ஓயாமல் குறைபட்டுக்கொள்பவர்கள்தாம். வாசகர் இல்லை, விமரிசனம் இல்லை, விருதுகள் தகுதியற்றோருக்குப் போகின்றன. அவற்றில் எத்தனைக்கு இடமும் தேதியும் சொல்ல முடியும் என்று அண்மையில் எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். பட்டியல் கணிசமாகச் சுருங்கியது. மிஞ்சியவை, ஏதேனும் செய்யக்கூடியவையாக இருந்தன.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. பெல்ட்டில் எழுதிய எண் வியர்வையில் அழிய அழிய அவர் மேலே மேலே எழுதிக்கொள்கிறார். கையாள் இப்போது வாரத்துக்கு மூன்று மோட்டார் கட்டுகிறார். ஐந்து எச்.பி. மோட்டாருக்கு மேல் போகத் துணிவில்லை என்கிறார். அதற்கும் ஓர் அச்சு செதுக்க வேண்டும் என்று, நல்ல மரம் கேட்டுச் சின்னசேலம் பக்கம் சிற்பப் பட்டறைகளுக்குப் போய்வந்தார் பெரியவர். கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021-இல். குறியீடு வந்தபின் மரத்தின் விலையும் ஏறிவிட்டது என்று திரும்பி வந்து ஒரு மணி நேரம் முணுமுணுத்தார். மரத்தை வாங்கி வந்திருந்தார்.